ஐப்பசி மாதத்து ஆரூடம்

நம் கலாசாலை ஆண்டு மலரின் ஆசிரியர், "மூன்றாண்டு அமெரிக்காவில் வாசஞ்செய்து திரும்பியிருக்கிறீர்; ஆங்குக் கண்டவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பற்றி நம் மாணவர்க்கு எழுதுக" என்று பணித்தனர். நயாகரா அருவியையும் நியூயார்க்கு நகரத்து வானளாவும் மாளிகைகளையும் வருணிக்கப் புகுந்தேனாயின், அன்பர்கள் முதற்பக்கத்திலேயே கொட்டாவி விடுவர். அவற்றை என்னினும் நன்கு கண்டு எழுதினோர் பலர். ஆதலின் வேறொன்றை எழுதத் துணிந்தேன். ஒரு சிற்றூரில், ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில், மாலை வேளைகளில் ஐந்தாறு பேர் கூடியிருந்து, அவ்வாண்டில் இன்னும் ஓர் ஆட்டமேனும் ஆடாத ஒரு கூடைப்பந்துக் குழு என்ன ஆகப்போகிறது என்று ஆராய்ந்த கதை இது. அக்கூட்டத்தில் நானும் ஒருவன்.

கூடைப்பந்து நமக்கு அந்நியமான ஆட்டமன்று. 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், மஸாசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், குளிரினால் வெளியே சென்று ஆடமாட்டாத தம் மாணவர்க்காக, பழக்கூடைகள் இரண்டை மேல்மாடத்தின் விளிம்பில் அடித்து மாட்டி இவ்விளையாட்டை உண்டாக்கினார். அந்த ஸ்பிரிங்ஃபீல்டிலே பயின்ற ஹாரி குரோ பக் துரையவர்கள் 1920-இல் சென்னையில் அச்சங்கத்தின் தேகப்பயிற்சிக் கலாசாலையை நிறுவினார்கள். அங்குப் பயின்றவர்கள் ஊர்தோறும் சென்று பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் பயிற்றினர். நம் விடுதிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இருக்கும் செம்மண் களத்தில் விடியற்காலையில் ஆடிய ஒவ்வொருவரும், தாம் அறியாவிடினும், அப்பழக்கூடைக்குக் கடன்பட்டவரே. நானும் நான்கு ஆண்டு அக்களத்துப் புழுதியை உண்டவன்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வட கரோலினா சர்வகலாசாலையில் புள்ளியியல் ஆராய்ச்சிப் பணியொன்று எனக்குக் கிடைத்தது. அச்சர்வகலாசாலை இருக்கும் ஊரின் பெயர் சேப்பல் ஹில். ஜெபாலயக் குன்று என்பது பொருள். முற்காலத்தில் அக்குன்றின்மேல் இருந்த ஒரு சிறு ஜெபாலயத்தால் வந்த பெயர். இப்பொழுது அவ்வூரார் பக்தி சிரத்தையோடு நாடும் ஆலயம் வேறு என்று சொன்னால் அவர்கள் கோபியார். அது 1986-இல் திறக்கப்பெற்ற டீன் ஸ்மித் மண்டபம். 21,000 பேருக்கு மேல் அமர்ந்து கூடைப்பந்து ஆட்டம் காணலாம். 1961 முதல் 1997 வரையில் பயிற்சியாளராயிருந்து 879 ஆட்டங்களில் வெற்றி கண்டவரின் பெயரால் அமைந்தது. 1957, 1982, 1993, 2005, 2009, 2017 ஆகிய ஆறு ஆண்டுகளில் அச்சர்வகலாசாலை தேசத்து முதன்மைப் பட்டத்தைப் பெற்றது. ஊர் முழுதும் வெளிர்நீல நிறம். பாற்காரன் வண்டியும் அந்நிறம். தீயணைக்கும் வண்டியிலும் அந்நிறத்தைக் கண்டேன்.

நான் குடியிருந்த மாடியறையின் சொந்தக்காரர், ரசாயனக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்களை ஊதி வளைத்துக் கருவிகள் செய்யும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற முதியவர். அவரைப் பெயர் சொல்லி அழைக்கும்படி பல முறை சொன்னார். தந்தையினும் மூத்தவரைப் பெயரிட்டழைக்க எனக்கு நா எழவில்லை. 'சார்' என்றே அழைத்து வந்தேன். அவருக்கு அது வேடிக்கையாயிருந்தது. 1957-இல் கரோலினாக் குழு ஓராட்டமும் தோலாமல் 32 ஆட்டங்களையும் வென்று, கான்ஸாஸ் குழுவை மூன்று மேலதிக நேரங்கள் ஆடி 54-க்கு 53 என்ற கணக்கில் வீழ்த்திய இரவில், அவர் எட்டு வயதுச் சிறுவர். அண்டை வீட்டுத் தொலைக்காட்சியின்முன் தரையில் அமர்ந்து கண்டாராம். அன்று பிடித்த பித்து அவரை விடவில்லை.

அந்நாட்டுக் கலாசாலைகளில் கூடைப்பந்துப் பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடியும். பயிற்சி தொடங்குவதும் பேச்சுத் தொடங்குவதும் அதற்கு முந்தின மாதம். நம் கணக்கில் புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் காலம். மரங்கள் இலை சிவந்து நிற்கும். அப்பொழுது வியாழக்கிழமை தோறும் முதியவர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சபை கூடும். தபால் இலாகாவில் வேலை பார்த்தவர் ஒருவர். அவர் எந்தக் குழுவையும் 1982-ஆம் ஆண்டுக் குழுவோடு ஒப்பிட்டுக் குறைவென்று தீர்ப்பார். ஆரம்பப் பாடசாலையில் கணக்குச் சொல்லிக் கொடுத்த அம்மையார் ஒருவர். தவறு செய்த எதிரிக்குத் தண்டனையாக, தடுப்பாரின்றி நின்று எறியக் கிடைக்கும் எறிகளைத் தவறவிடும் பிள்ளைகள் வாழ்க்கையிலும் உருப்படார் என்பது அவர் சித்தாந்தம். நாவிதர் ஒருவர், இளைஞர். புதிதாய் வரும் முதலாண்டு மாணவருள் ஒருவனைக் கண்டெடுத்து, மைக்கேல் ஜோர்டன் மீண்டும் பிறந்தான் என்று ஆண்டுதோறும் அறிவிப்பார். பத்து மைலுக்கு அப்பாலுள்ள டியூக் சர்வகலாசாலை இவர்களுடைய பரம வைரி. அக்கட்சியைச் சேர்ந்த ஒருவரும் வருவதுண்டு. அவர் கணக்கம்மையாரின் மருமகன் என்பதற்காக மாத்திரம் அவரைப் பேச விட்டிருந்தோம்.

இவர்கள் ஆராய்ந்த முறையை முதலில் நான் மனத்துக்குள் இகழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்? நானோ எண்களையே தொழிலாகக் கொண்டவன். பத்திரிகைக்காரர் அறுபது பேரளவில் வாக்களித்து நாட்டின் சிறந்த குழுக்களை வரிசைப்படுத்தும் வழக்கம் அங்கே 1949 முதல் உண்டு. பருவந் தொடங்குமுன்னரே ஒரு வரிசை வெளியாகும். கென் பொமராய் என்பவர் ஒருவர், வானிலை ஆராய்ச்சித் தொழிலில் இருந்தவர், ஒவ்வொரு குழுவின் பலத்தையும் கணிதத்தால் அளந்து வெளியிடுகிறார். அவருடைய கணக்கில் எனக்குப் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. பருவத்துக்கு முன் கொண்ட மதிப்பை அவர் முதல் ஆட்டத்தோடு எறிந்துவிடுவதில்லை. பல வாரங்கள் வரையில் அதையும் சிறிது சிறிதாகக் குறைத்துக் கலந்தே கணக்கிடுகிறார். மழை பெய்யுமா என்று சொல்லிப் பழகியவர்க்கு இரண்டு நாள் மேகத்தை நம்பலாகாது என்பது தெரியுமன்றோ?

நம்பலாகாமைக்குக் காரணமும் எளிது. நூற்றுக்கு 40 எறிகளைக் கூடையிற் சேர்க்கும் திறமுள்ள ஒருவன், ஆட்டத்துக்கு ஐந்தாக, முதல் ஐந்து ஆட்டங்களில் 25 எறி எறிகிறான் என்போம். அவனுக்கு உரியவை பத்து. ஆயின் திறமையில் யாதொரு மாறுதலுமின்றியே அவை ஏழாகவும் கூடும், பதின்மூன்றாகவும் கூடும். ஏழானால், 'பையன் கெட்டான்' என்போம். பதின்மூன்றானால், 'சூரன்' என்போம். இரண்டும் காற்றடித்த பக்கம். அன்றியும் முதல் வாரங்களில் பெரிய கலாசாலைகள் பெரும்பாலும் சிறிய கலாசாலைகளைப் பணம் கொடுத்துத் தம் மண்டபத்துக்கு வரவழைத்து ஆடுகின்றன. அவ்வெற்றியால் அறியத் தக்கது சிறிது. இதையெல்லாம் நான் தாழ்வாரத்தில் விரிவாய் எடுத்துரைத்தேன். சபையார் மரியாதையோடு கேட்டுவிட்டு, புதிதாய் வந்த பையனின் தோள் அகலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

முதியவரிடம் ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. இடப்பக்கத்தில் ஐப்பசியில் அவர் எண்ணியது. வலப்பக்கத்தில் ஏப்ரலில் நிகழ்ந்தது. எழுதியதை அடிப்பதில்லை, திருத்துவதில்லை. ஒருநாள் அதைப் புரட்ட எனக்குக் கொடுத்தார். 1981-ஆம் ஆண்டுப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அடுத்த மார்ச்சு மாதத்தில் ஜார்ஜ்டவுன் குழுவோடு நிகழ்ந்த இறுதியாட்டத்தில், சில விநாடிகளே எஞ்சியிருக்கையில் பந்தை எறிந்து, 63-க்கு 62 என்று பட்டத்தை வாங்கித் தந்தவன் முதலாண்டு மாணவனாகிய மைக்கேல் ஜோர்டன். அவர் பக்கத்தில் ஏழு பெயர்கள் இருந்தன. ஜோர்டன் என்ற பெயர் இல்லை.

"மறந்துவிட்டீர்களா, சார்?"

"இல்லை. அவன் ஆடியதைப் பார்த்தேன். மெலிந்த பையன், குதிக்கிறான், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்."

அச்சமயத்தில் எனக்கு நம் கலாசாலை அறிவிப்புப் பலகையும், அதில் என் கையாலேயே ஒட்டிய ஒரு தாளும் நினைவுக்கு வந்தன. புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டேன்.

அம்முதலாண்டின் வரலாற்றைச் சுருக்கமாய்ச் சொல்லுவேன். ராய் வில்லியம்ஸ் என்னும் பழைய பயிற்சியாளர் 2021 வசந்தத்தில் விலக, ஹியூபர்ட் டேவிஸ் என்பவர் புதிதாய்ப் பொறுப்பேற்றிருந்தார். வரிசையில் 19-ஆம் இடம். நவம்பரில் பர்டியூ குழுவிடமும் டென்னஸீ குழுவிடமும் அடுத்தடுத்துத் தோல்வி. டிசம்பரில் கெண்டக்கி 98, கரோலினா 69. ஜனவரியில் மயாமியிடம் 28 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. பிப்ரவரியில் டியூக்கிடம் சொந்த மண்டபத்திலேயே 20 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. மருமகன் அன்று ஒரு சொல்லும் பேசாமல் பலகாரம் தின்றார். பேசியிருந்தாலும் அவ்வளவு புண்பட்டிருக்க மாட்டோம். பின்னர் நிகழ்ந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. மார்ச்சு 5-ஆம் தேதி, டியூக்கின் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஷஷெவ்ஸ்கி தம் மண்டபத்தில் நடத்திய கடைசி ஆட்டத்தில், அவரைக் கரோலினா 94-க்கு 81 என்று வென்றது. தேசப் போட்டியில் முந்தின ஆண்டு பட்டம் பெற்ற பேலரை வென்றது. ஏப்ரல் 2-ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸ் நகரில் மீண்டும் டியூக்கை 81-க்கு 77 என்று வென்று அம்முதுபயிற்சியாளரை ஓய்வுக்கு அனுப்பியது. அன்றிரவு ஃபிராங்க்லின் தெருவில் பல்லாயிரவர் கூடிக் கூத்தாடினர், நானும் ஆடினேன். இரண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தின் முற்பாதியில் 40-க்கு 25 என்று முந்தி நின்றும், கான்ஸாஸிடம் 72-க்கு 69 என்று தோற்றனர். தோல்வியாயினும் ஊரார் தேரோட்டம் கண்டவர்போலத் திருப்தியோடிருந்தனர்.

அடுத்த ஐப்பசியைப் பற்றியே நான் எழுத வந்தேன். 2022 அக்டோபர் 17-ஆம் தேதி வரிசை வெளியாயிற்று. கரோலினா முதலிடம். வாக்களித்த 62 பேரில் 47 பேர் அவ்விடத்தைக் கொடுத்திருந்தனர். இறுதியாட்டத்தில் தொடக்கத்திலேயே களமிறங்கிய ஐவரில் நால்வர் மீண்டும் வந்திருந்தனர் அல்லரோ? உயர்ந்த உருவமும் பொறுமையுமுள்ள பேகாட், தைரியசாலியான லவ், ஆர். ஜே. டேவிஸ், எதிரியின் மிகச் சிறந்தவனைத் தடுத்து நிற்கும் பிளாக். தபால்காரர்கூட 1982-ஐ மறந்தார். அவ்வருஷம் முதியவர் தம் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "நீயும் எழுது, கணக்கறிந்தவனாயிற்றே" என்றார்.

நான் எழுதினேன். பட்டம் நிச்சயம் என்றும், நான்கு ஆட்டங்களுக்கு மேல் தோலார் என்றும், அதற்குரிய எண்களோடு ஒரு முழுப் பக்கம் எழுதினேன். இன்று அதை நினைக்குந்தோறும் முகம் சிவக்கிறது. முந்தின ஆண்டு அப்பிள்ளைகள் ஆடியவை 39 ஆட்டங்கள். வென்றவை 29, தோற்றவை 10. நான் கணக்கிற் கொண்டதோ பெரும்பாலும் கடைசி ஐந்து வாரம். ஐந்து ஆட்டத்தைக் கொண்டு முடிவு கட்டாதீர் என்று பிறர்க்கு உபதேசித்தவன், ஃபிராங்க்லின் தெருவின் ஆரவாரம் இன்னும் காதில் இருந்தமையால், அவ்வுபதேசத்தைத் தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்தான். மயாமியிடம் 28 புள்ளியில் தோற்றவர்களும் அவர்களேயன்றோ?

முதியவர் எனக்குக் கீழே இரண்டே வரி எழுதினார். "நால்வர் திரும்பினர் என்று எல்லாரும் எண்ணுகின்றனர். ஆடியவர் ஐவர்."

ஐந்தாமவன் பிரேடி மேனக். ஒக்லஹோமா சர்வகலாசாலையில் நான்காண்டு ஆடிவிட்டு, 2021-இல் கரோலினாவுக்கு ஓராண்டுக்கு மாத்திரம் வந்தவன். நல்ல உயரம், ஆயினும் கூடைக்கு வெகுதூரத்தில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்பான். அங்கிருந்து எறிந்தால் நூற்றுக்கு 40 அளவு கூடையிற் சேரும். ஆதலின் எதிரியின் உயர்ந்த ஆளொருவன் அவனைத் தொடர்ந்து வெளியே வந்தே ஆகவேண்டும். அவன் வெளியேறிய இடைவெளியில் பேகாட் தடையின்றி நடமாடுவான். இது கணக்குப் புத்தகத்தில் மேனக்கின் பெயருக்கு நேரே எழுதப்படுவதன்று. பேகாட்டின் பெயருக்கு நேரே எழுதப்படுவது. அவன் படிப்பு முடிந்து போய்விட்டான். அவனிடத்துக்கு நார்த்வெஸ்டர்னிலிருந்து வந்த நான்ஸ் நல்ல ஆட்டக்காரனே; ஆனால் அவன் வேறொருவன்.

முதல் ஐந்து ஆட்டங்களும் வெற்றி. நான் மகிழ்ந்தேன். முதியவர் மகிழவில்லை. கார்ட்னர்-வெப் என்னும் சிறு கலாசாலையைச் சொந்த மண்டபத்தில் 72-க்கு 66 என்றே வெல்ல முடிந்தது. அன்று அவர் தொலைக்காட்சியில் புள்ளியைப் பாராமல், எறிவதற்குமுன் பந்து எத்தனை கை மாறுகிறதென்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஒன்று, இரண்டு, எறிந்துவிட்டான். ஒன்று, எறிந்துவிட்டான். ஒருவனும் மற்றவனுக்காகக் காத்திருக்கவில்லை, பார்" என்றார். நவம்பர் இறுதியில் போர்ட்லாந்து நகரில் அயோவா ஸ்டேட் குழுவிடம் 70-க்கு 65 என்று தோல்வி. இரண்டு நாள் கழித்து, 27-ஆம் தேதி, அலபாமாவோடு நான்கு மேலதிக நேரங்கள் ஆடி 103-க்கு 101 என்று தோல்வி. அதன்பின் இண்டியானாவிடம், அதன்பின் வர்ஜீனியா டெக்கிடம். நான்கு தோல்வி என்று நான் எழுதிய ஆண்டுக்கணக்கு டிசம்பர் 4-ஆம் தேதியே முடிந்துபோயிற்று. வரிசையில் முதலிடத்திலிருந்த குழு, அடுத்து வெளியான வரிசையில் 25-க்குள்ளேயே இல்லை. மூன்று புள்ளி எறிகளில் அவ்வாண்டு நூற்றுக்கு 31 அளவே தேறியது.

2023 மார்ச்சு 12-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, தேசப் போட்டிக்குரிய 68 குழுக்களின் பெயர்களையும் தொலைக்காட்சியில் வாசித்தனர். கடைசிப் பெயர் வரையில் காத்திருந்தோம். கரோலினாவின் பெயர் இல்லை. போட்டி 1985-இல் 64 குழுக்களாக விரிந்தபின், பருவத்தொடக்கத்தில் முதலிடம் பெற்ற ஒரு குழு அதில் இடமே பெறாமற்போனது அதுவே முதல் முறை. நாவிதர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவராய் எழுந்து போயினர். முதியவர் புத்தகத்தை எடுத்து வந்து, என் ஆரூடத்துக்கு நேரான வலப்பக்கத்தில், '20 வெற்றி, 13 தோல்வி' என்று எழுதி மை உலரும்வரை திறந்தே வைத்திருந்தார்.

அன்றிரவு அவரிடம் அறிவிப்புப் பலகையின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லவேண்டும். நம் களத்தில் நிகழ்ந்தது அது.

2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான் கடைசியாண்டு மாணவன். கூடைப்பந்துக் குழுவின் தலைவன். நம் தேகப்பயிற்சி ஆசிரியர் அப்பொழுது நோயுற்று விடுப்பிலிருந்தமையால், பன்னிருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. முப்பத்தொரு மாணவர் வந்தனர். மூன்று நாள், காலை ஆறு மணி முதல் ஏழரை வரையில், ஓடவும் பந்து தட்டவும் எறியவும் சொல்லிப் பார்த்தேன். கையில் ஒரு நோட்டு. அதில் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண். அப்பொழுதே எனக்கு எண்களில் அத்தனை விசுவாசம். முதலாண்டு மாணவன் ஒருவன், இராமநாதபுரத்துப் பக்கத்துக் கிராமத்தவன், இடக்கையால் ஆடுபவன், பந்தை வாங்கும் அழகு நன்றாயிருந்தது. ஆயின் திரும்புகையில் தயங்கினான். நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமல் இரண்டடி வழுக்கிச் சென்றான். அவன் பெயருக்கு நேரே 'கால் மந்தம்' என்று எழுதினேன். நான்காம் நாள் பட்டியலைப் பலகையில் ஒட்டினேன். அவன் வந்து இரண்டு முறை மேலிருந்து கீழ் வாசித்ததைத் தூரத்திலிருந்து கண்டேன். பிறகு அவன் களத்துப் பக்கம் வரவில்லை.

டிசம்பரில் சர்வகலாசாலைப் போட்டியில் முதற்சுற்றிலேயே தோற்றோம். பந்தை ஏந்தி முன்னே கொண்டு செல்ல நமக்கு ஆளில்லை என்று அனைவரும் கூறினர். ஜனவரியில் விடுதிகளுக்கிடையே ஆட்டம் நிகழ்ந்தது. அன்று அவ்விடக்கைப் பையன் ஆடியதைக் கண்டவர்கள் இன்றும் சிலர் நம் பழைய மாணவர் கூட்டத்தில் பேசுவர். நான் கடைந்தெடுத்த பன்னிருவரில் நால்வர் எதிர்ப்பக்கம் இருந்தனர். அவனைப் பிடிக்க ஒருவராலும் இயலவில்லை. இரவு போஜனசாலையில் அவன் பக்கத்தில் போய் அமர்ந்து, "தம்பி, ஜூன் மாதத்தில் ஏன் இப்படி ஆடவில்லை?" என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அண்ணே, அப்ப நான் போட்டிருந்தது என் அறைத்தோழனுடைய பூட்ஸ். அவனுக்குப் பத்து, எனக்கு எட்டு. முன்னால் துணி அடைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மாமா பணம் கொடுத்தார். அதில்தான் சொந்தமாய் வாங்கினேன்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"வெட்கமாயிருந்தது, அண்ணே."

இவ்வளவே. ஏப்ரலில் பரீட்சை முடிந்து நான் வெளியேறினேன். மறுவருஷம் மாலையில் சோதனைக்கூட வகுப்பு இருந்தமையால் அவன் குழுவுக்கு வரவில்லை என்று பின்னர்க் கேள்விப்பட்டேன். அது உண்மையான காரணமா என்று விசாரிக்க எனக்குத் துணிவில்லை.

முதியவர் எனக்கு ஆறுதல் கூறுவார் என்று ஒருவாறு எதிர்பார்த்தேன். அவர், "அவன் இப்பொழுது என்ன செய்கிறான்?" என்றார். தெரியாது என்றேன். "ஏழு ஆண்டாயிற்றே" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்க எழுந்தார். அம்மூன்று சொல் என்னை அன்றிரவு உறங்க விடவில்லை. நண்பர் ஒருவர் வாயிலாக விலாசம் பெற்று மறுவாரமே அவனுக்கு எழுதினேன். பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அவன் தன் ஊருக்கு அருகிலுள்ள பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியனாயிருக்கிறானாம். மாலையில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்பிக்கிறானாம். பழைய ஜூன் மாதத்தைப் பற்றி நான் எழுதியதற்கு, 'பூட்ஸ் விஷயம் இன்னும் ஞாபகமா, அண்ணே!' என்று ஒரு வரி.

2023 ஐப்பசியில் மீண்டும் சபை கூடிற்று. லவ் அரிஸோனாவுக்குப் போய்விட்டான். வேறு பலரும் பிற கலாசாலைகளுக்கு மாறிவிட்டனர். ஸ்டான்ஃபோர்டிலிருந்தும் நோட்டர் டேமிலிருந்தும் புதியவர் வந்தனர். வரிசையில் 19-ஆம் இடம். தபால்காரர், 1982 குழுவின் கால்தூசிக்கு ஆகார் என்றார். முதியவர் புத்தகத்தை நீட்டினார். சூடுபட்ட பூனையாகிய நான், 'ஜனவரி முடியுமுன் யாதும் கூறுவதற்கில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாசித்தார். முகம் சுளித்தது. "இது ஆரூடமன்று, தப்பித்துக்கொள்ளுதல்" என்று திருப்பிக் கொடுத்தார். "பயிற்சியாளன் நவம்பரில் ஐந்து பேரை இறக்கியே ஆகவேண்டும். நீ அன்று பன்னிரண்டு பெயர் எழுதியே ஆகவேண்டும். எழுதாமலிருப்பது பெருமையன்று. எழுதிவிட்டு அப்புறம் பார்க்காமலிருந்தாயே, அதைச் சொல்." நான் எனது வரிக்குக் கீழே, 'பத்துக்குமேல் தோல்வி' என்று எழுதினேன்.

அதிலும் தவறினேன். அவ்வாண்டு 29 வெற்றி, 8 தோல்வி. தங்கள் கூட்டத்தில் முதலிடம். ஆர். ஜே. டேவிஸ் அக்கூட்டத்தின் தலைசிறந்த ஆட்டக்காரனானான். தேசப் போட்டியிலும் தம் பிரிவின் முதற்குழுவாக நுழைந்து, மார்ச்சு 28-ஆம் தேதி, அதே அலபாமாவிடம் 89-க்கு 87 என்று தோற்றனர். கணக்கம்மையார் தவறிய தனியெறிகளை விரலில் எண்ணிக் காட்டினார். முதியவர் தம் பக்கத்தில் என்ன எழுதியிருந்தார் என்று கேட்பீர்கள். அவரும் தவறியிருந்தார், என்னினும் இரண்டு தோல்வி குறைத்து எழுதியிருந்தார், அவ்வளவே.

ஜூன் மாதத்தில் நான் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. நம் கணக்காசிரியனுக்கு எழுதி, அவன் பிள்ளைகளுக்கு என்ன கொண்டுவரலாம் என்று கேட்டேன். ஒரு சிறு பட்டியல் வந்தது: பூட்ஸ், ஐந்தாம் அளவில் 3 சோடி, ஆறில் 4, ஏழில் 2. பருவங்கழிந்த சரக்கு மலிவாக விற்கும் கடையொன்றை நாவிதர் அறிந்திருந்தார். ஏழாம் அளவில் ஒரு சோடி மட்டும் அங்கு அகப்படவில்லை; அதைத் தபால்காரர் தம் பேரனிடமிருந்து கொணர்ந்தார். அது வெளிர்நீலம் என்று சொல்லவும் வேண்டுமோ? புறப்படுவதற்கு முந்தின இரவு முதியவரும் நானும் பெட்டி கட்டினோம். ஒவ்வொரு சோடியையும் அவர் எடுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, தாள் சுற்றிக் கொடுத்தார். நிறுத்தபொழுது விமானக்காரர் விதித்த 23 கிலோவைத் தாண்டிற்று. என் புத்தகங்களில் ஐந்தை எடுத்து அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினோம்.